சாறிபாத்தில் நிற்கும் வண்டி

மணிமங்கலம் ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் தினமும் காலையில் ரத்தினம் அண்ணன் கம்பெனி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். சீட்டுக்கு அடியில் கிடக்கும் இரும்பு ராடை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், இடது டயரை டொம் டொம் என்று தட்டுவார். குனிந்து பார்ப்பார். மறுபடி தட்டுவார். உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர், “இந்த டயர் ஒரு நாள் நம்மள நடு ரோட்ல நிறுத்தப் போவுது பாரு” என்று முணுமுணுப்பார்கள்.

நான் வாசலை ஒட்டிய முன்சீட்டில் உட்காருகிறவள். அங்கிருந்து பார்த்தால் பக்கக் கண்ணாடியில் பின்டயர் நன்றாகத் தெரியும். ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் கைதான் டயரைத் தட்டிக்கொண்டிருந்தது. கண் டயரில் இல்லை. கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரைமேல் சசிகலா ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் செருப்பு. அவள் ரோட்டில் கால் வைத்ததும் அண்ணன் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு, “காத்து கீது, பரவால்ல” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியபடி வந்து ஏறினார். சசிகலாவும் ஏறி உட்கார்ந்தாள். உன்னால்தான் லேட் என்று அவளை ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் இடமில்லாமல் போயிற்று.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை.

போன லெந்து உபவாச நாட்களில், ஓசூரில் மகள் ஷாரோன் வீட்டில் ரத்தினம் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். செய்தி கேட்ட அன்று எங்கள் பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. சபை மலரில் வழக்கமாகப் பெரிய ஊழியக்காரர்களைப் பற்றி எழுதுவார்கள். அண்ணனைப் பற்றி எழுத அவரோடு தினமும் போய் வந்தவர்கள்தான் வேண்டும் என்று ஆயர் என்னிடம் சொன்னதால் எழுதுகிறேன்.

அவர் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் டிரைவர். எங்களைக் காலையில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வண்டி கம்பெனி யார்டில் நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். இவர் ஸ்டீயரிங் மேல் வேதபுத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்பார். அதிலும் யாரும் படிக்காத இடமாகப் பார்த்துப் படிப்பார். வெறும் பெயர்களாக வரும் அதிகாரங்கள், எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்கள், இரண்டு வசனத்தில் வந்து போய்விடுகிற கூட்டத்தார்.

“ஏன்ணா, சங்கீதம் எல்லாம் படிக்க மாட்டீங்களா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சங்கீதம் படிக்க ஊரு பூரா ஆள் கீறாங்க கிளி. இவங்கள யாரு படிப்பா? பாவம் இல்ல?” என்றார். யாரோ தூரத்து உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

எங்கள் ரூட்டில் இருந்த ஸ்டாப்புகளுக்கு முன்பெல்லாம் சரியான பெயர் கிடையாது. பஞ்சர் கடை, டிரான்ஸ்பார்மர், மூணாவது பனமரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற நகர் ஒன்று இருக்கிறது. அது மாரா. வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் குடிக்க முடியாமல் முறுமுறுத்த கசப்புத் தண்ணீர் ஊர் அது. அதற்கு அடுத்தது, பனைகளும் ஒரு குட்டையும் இருக்கிற இடம். நான் ஏறுகிற ஸ்டாப். அது எலீம்.

“எலீம்ல பன்னெண்டு ஊத்து, எழுபது பேரீச்ச மரம் இருந்துச்சி. மாராவுக்கு அப்புறம் ஜனங்க அங்கதான் எளப்பாறினாங்க” என்றார்.

எல்லப்பன் எங்கள் கம்பெனியில் லைன் ஆபரேட்டர், எலீமில் என்னோடு ஏறுகிறவன். வாய் ஓயாது. “அண்ணாத்த, இது பனமரம். பேரீச்ச இல்ல. ஊத்து எங்க? ஒரு குட்டதான் கீது, அதுலயும் எரும கீது” என்றான்.

“பன்னெண்டு ஊத்துக்கு நான் எங்கடா போவேன்? இருக்கறத வச்சிக்கோ.”

படப்பையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வண்டி அங்கே போய் நின்றால் நகராது. அதற்குக் காதேஸ்பர்னேயா என்று பெயர். தேசத்துக்குள் போக வேண்டிய ஜனங்கள் பல நாள் தங்கிக் கிடந்த இடம். எல்லப்பனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. நுழைந்த பிறகு விடவில்லை. மனைவி போன் செய்தால், “காதேஸ்ல மாட்டிக்கினு கீறேன்டி” என்பான். அவன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். அவன் மனைவி அந்தக் காதேஸ் என்பவர் யார், கடன்காரரா என்று கேட்டாளாம்.

ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிற எங்களை அவர், “வாங்க நிதனீமியரே” என்றுதான் கூப்பிடுவார். இது என்னமோ கேலி என்று முதலில் எங்களுக்குக் கோபம். அவர் பதறிவிட்டார். “ஐய, தப்பா நெனைக்காதீங்க. தேவாலயத்துல தண்ணி மொண்டு, பெருக்கி, வெறகு சொமந்து வேல பாத்தவங்கம்மா. சிறையிருப்புலேந்து திரும்பி வர்றப்ப அவங்க இல்லாம எஸ்றா கெளம்பல. அவங்க பேர் எல்லாம் குறிச்சி வச்சிருந்துச்சின்னு எழுதி கீது” என்றார். அதன் பிறகு நாங்களே ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம்.

அவர் குடிக்க மாட்டார். ஆயுதபூஜை அன்று யார்டில் வண்டிகளுக்குப் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் டிரைவர்கள் ஓரமாக உட்கார்ந்து ஊற்றுவார்கள். கூப்பிட்டால், “நான் ரேகாபியன்பா” என்பார். அது என்ன ஜாதி என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். “ஜாதி இல்லபா. எரேமியா அவங்க முன்னாடி கிண்ணம் கிண்ணமா திராட்சரசம் வச்சி குடிங்கன்னாரு. எங்க தகப்பன் யோனதாப் வேணான்னு சொல்லிட்டாரு, நாங்க குடிக்க மாட்டோம்னு எழுந்துட்டாங்க. எனக்கு லைசன்ஸ் வந்த அன்னிக்கி எங்கப்பாவும் அதேதான் சொன்னாரு.” ரேகாபியர் சொந்த வீடு கட்டாமல் கூடாரத்திலேயே இருந்தவர்கள் என்றும் சொன்னார்.

“அதான் நீயும் வாடக வூட்லயே கீறியா?” என்றான் எல்லப்பன். அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது அண்ணன்தான்.

இந்தப் பெயர்களால் ஒரு கூத்தும் நடந்தது. நிலா என்கிற பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் எங்கே ஏறவேண்டும் என்று கேட்டதற்கு எங்கள் ஆள் ஒருத்தி, எலீமில் நில்லு என்று சொல்லிவிட்டாள். பாவம், அந்தப் பெண் ஷேர் ஆட்டோக்காரரிடம் எலீம் என்று சொல்ல, அவர் ஊர் தள்ளி அதே பெயரில் இருந்த ஒரு ஜெபவீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பஸ் அந்த வழியாகப் போகும்போது, புது ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் ஜெபவீட்டுப் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த பாஸ்டர் அவளுக்காக ஜெபமும் செய்துவிட்டிருந்தார். “அண்ணாத்த, உன் எலீமு அங்க குந்திகினு கீது!” என்று எல்லப்பன் கத்த, வண்டி நின்றது. அண்ணனுக்கு அன்று முழுக்க ஒரே வெட்கம். நிலா மட்டும், “முதல் நாளே ஜெபத்தோட வந்திருக்கேன், எனக்கு நல்லதுதான்” என்று சொல்லிச் சமாதானப்படுத்தினாள்.

சசிகலா ஏறுகிற இடத்துக்குப் பெயர் கடைசியில்தான் வந்தது. அவள் பம்ப் உதிரிபாகம் சரிபார்க்கிற பிரிவில் ஒப்பந்த வேலைக்காரி. கணவர் இல்லை. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். பால் ஊற்றப் போகிற பக்கத்து வீட்டம்மா திரும்பி வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சசிகலா வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும். அவர் வந்தவுடன் கரைமேல் ஓட்டம்தான்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, கலங்கல் தண்ணீர் ரோட்டில் ஓடியது. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மதியம் தாண்டிவிட்டது. சசிகலா தன் தூக்கைத் திறந்து, தக்காளி சாதத்தைப் பிசைந்து உருட்டி, முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். கடைசி சீட்டு வரைக்கும் எல்லார் கைக்கும் ஒரு உருண்டை வந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணன் தன் உருண்டையைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, “இந்த ஸ்டாப்பு சாறிபாத்” என்றார். பஞ்ச காலத்தில் ஒரு ஏழை விதவை எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த ஊர். பானையில் மா குறையாத வீடு இருந்த ஊர்.

அந்த சாறிபாத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

கம்பெனியில் எழிலரசன் என்று புதிதாக ஒரு டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வந்தார். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசுவார். பஸ்களில் ஜி.பி.எஸ். மாட்டினார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர் போனில் தெரியும். நாலு பேருக்குக் குறைவாக ஏறுகிற ஸ்டாப்பை எடுத்துவிடுவார்கள், அந்த ஆட்கள் பக்கத்து ஸ்டாப்புக்குப் போய்க்கொள்ளவேண்டும் என்று உத்தரவு வந்தது. சாறிபாத்தில் ஏறுகிறவள் சசிகலா ஒருத்திதான். பக்கத்து ஸ்டாப் என்றால் எலீம். அங்கே வண்டி முதலிலேயே வந்து போய்விடும். மாமியாரைத் தனியாகப் போட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பினால்தான் முடியும். நாலு நாள் லேட்டாக வந்தால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவார். சசிகலா அன்று சாயங்காலம் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள்.

எல்லப்பன்தான் எழுந்தான். “நாலு பேர்தான வேணும்? நானு, கிளியக்கா, நிலா. சசியோட சேத்து நாலு. எலீம்லேந்து சாறிபாத்து இன்னா, சிங்கப்பூரா? நடந்தா ஆச்சி.”

அன்று ராத்திரியே போனில் எங்கள் ஏறுமிடத்தை மாற்றிப் போட்டுவிட்டு, மறுநாள் நாங்கள் மூன்று பேரும் முன்னதாகவே கிளம்பி நடந்து போய் சாறிபாத்தில் நின்றோம். அண்ணனிடம் சொல்லவில்லை. வண்டி வந்து நின்றது. எங்களைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா, எலீம்ல ஊத்து வத்திப் போச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ராடை எடுத்துக்கொண்டு டயரைத் தட்டப் போனார். நாங்கள் மூன்று பேர் நின்றாலும் சசிகலா வர கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்தது.

அந்த டயர்தான் பிறகு வம்பாயிற்று. தினமும் ஒரே இடத்தில் ஏன் அவ்வளவு நேரம் என்று, கம்பெனிக்கு வண்டியை வாடகைக்கு விடுகிற பஸ் முதலாளி போனில் கேட்டார். பின்னாடி டயர் சரியில்லை என்று அண்ணன் சொன்னார். முதலாளி ஆளை அனுப்பி, நன்றாக இருந்த டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் மாட்டினார். அதற்கு அடுத்த நாளும் வண்டி நின்றது. புது டயரையும் அண்ணன் தட்டினார். ஆனால் முன் மாதிரி சத்தமாக எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு யார்டில் இறங்கும்போது என்னிடம் சொன்னார். “கிளி, பழைய செருப்பு, பூசணம் பூத்த அப்பம் எல்லாம் காட்டி யோசுவாவ ஏமாத்தினாங்களே, கிபியோன்காரங்க. நானும் டயரக் காட்டினு அவங்கள மாதிரி ஆயிட்டேன்.”

“நல்லதுக்குத்தானேண்ணா செய்றீங்க?”

“நல்லதுக்குத்தான். ஆனா பொய்யி பொய்யிதானே.” அவர் அன்று வேதபுத்தகத்தைத் திறக்கவில்லை. யார்டு வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்ததை மாடியில் கண்ணாடி துடைக்கும்போது பார்த்தேன்.

அந்த வாரமே எழிலரசன் சார் நேரில் வண்டியில் வந்தார். முதல் ஸ்டாப்பிலேயே ஏறி, போனைப் பார்த்துக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். இது சாறிபாத்தில் நின்ற எங்களுக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டதும் சார், “இங்க நாலு பேர்னு இருக்கு. மூணு பேர்தான் ஏறியிருக்கீங்க. இன்னொருத்தர் லீவா?” என்றார்.

“லீவுதான் சார், போலாம்” என்று எல்லப்பன் சட்டென்று சொல்லிவிட்டான். சசிகலா வந்து நின்று மாட்டிக்கொள்வதைவிட ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது என்று நினைத்திருப்பான்.

அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து ராடை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மறுபடி கீழே போட்டுவிட்டார்.

“டயர்ல ஒண்ணும் இல்ல சார்” என்றார். “பழைய டயர்லயும் ஒண்ணும் இல்ல. இங்க ஏறுறது ஒரு பொண்ணுதான். இவங்க மூணு பேரும் அந்தப் பொண்ணுக்காக நடந்து வந்து நிக்கறாங்க. நான் அதுக்காகத்தான் தெனம் நிறுத்தறேன். முதலாளிகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

எல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சார் குரலை உயர்த்தவில்லை. “எங்க அந்தப் பொண்ணு?” என்றார்.

“கீழ எறங்குங்க சார், காட்டறேன்.”

இரண்டு பேரும் இறங்கிப் போய்ப் புதர் ஓரமாக நின்றார்கள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. சசிகலா கரையில் ஓடி வந்துகொண்டிருந்தாள், வழக்கம்போலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கிட்டே வந்து டை கட்டின ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன், “வாம்மா, ஒண்ணும் இல்ல, செருப்ப போட்டுக்கோ” என்றார். அவள் வீட்டு நிலைமையை நின்ற இடத்திலேயே இரண்டு வார்த்தையில் சொன்னார். சார் போனை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். ஒரகடத்தில் இறங்கும்போது, “அந்த ஸ்டாப் பேர் என்னண்ணா?” என்று கேட்டார்.

“சாறிபாத் சார்.”

அடுத்த வாரம் எங்கள் போனில் வந்த ரூட்டில் மாரா இல்லை, எலீம் இல்லை, அதெல்லாம் கடைப் பெயராகத்தான் இருந்தது. ஆனால் ஏரிக்கரை வளைவில் சாறிபாத் என்று இருந்தது. ஒரு ஆள் ஏறினாலும் நிற்கும், இரண்டு நிமிடம் காத்திருக்கும் என்று போட்டிருந்தது. சசிகலா அதை நிலாவிடம் கொடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

ஆனால் முதலாளி விடவில்லை. நல்ல டயரைக் கழற்றிப் போட வைத்தவனை நம்பி இனி வண்டி தரமாட்டேன் என்றுவிட்டார். எழிலரசன் சார் பேசிப் பார்த்தார். வண்டி அவருடையது இல்லையே. மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டும் என்று ஆயிற்று.

எல்லப்பனுக்குக் கோபம் அடங்கவில்லை. “உன்ன யாரு அண்ணாத்த வாயத் தொறக்கச் சொன்னது? கம்முனு இருந்தா ஸ்டாப்பும் இருந்துருக்கும், நீயும் இருந்துருப்ப.”

“நாளைக்கி வேற ஒருத்தர் வந்து எண்ணுவாருடா. நீங்க மூணு பேரும் எத்தினி நாளு நடப்பீங்க, மழையில?” என்றார் அண்ணன். “இப்ப அவ பேர்லயே ஸ்டாப்பு கீது. நீ போய் எலீம்ல எருமகூட நில்லு.”

கடைசி நாளன்று பிரசன்னா என்கிற புது டிரைவர் வண்டியை ஓட்டினார். ரூட் காட்டுவதற்காக அண்ணன் கூட வந்தார். எங்களோடு பயணியாக அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அவருக்கு உட்காரவே தெரியவில்லை. கால் சும்மா சும்மா பிரேக்கைத் தேடியது. மாரா வந்தபோது மாரா என்றார், எலீம் வந்தபோது எலீம் என்றார். “போன்ல இன்னா போட்டுகீதோ அதான்ணா எனக்கு” என்றார் பிரசன்னா. அவர் மேல் தப்பில்லை. அவருக்கு முதல் நாள்.

சாறிபாத்தில் வண்டி நின்றது. அண்ணனின் வாடகை வீடு கரைக்கு அந்தப் பக்கம்தான் என்பதால் அங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். எல்லாரிடமும் கை கூப்பினார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். நிலா அழுதாள். எல்லப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “போ, போ, கூடாரத்த பிரிச்சிக்கினு போ” என்றான். அதற்கு அடுத்த வாரம் அண்ணன் ஓசூர் போய்விட்டார். பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அன்று அவர் படியில் கால் வைத்திருக்கும்போது பிரசன்னா போனைப் பார்த்தார், கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சிண்ணா. யாரும் வரக் காணோம். வண்டிய எடுக்கட்டா?” என்றார்.

அண்ணன் திரும்பினார்.

“டிரைவர் சீட்ல ஒக்காந்துகினு பாத்தா கரை தெரியாது தம்பி. பொதரு மறைக்கும். தெனமும் ஒரு வாட்டி கீழ எறங்கி நின்னு பாரு. அப்பதான் தெரியும், யாரு ஓடி வராங்கன்னு.”